டைல்ஸ் ஒட்டிய சமையல் மேடை: விளிம்பை முடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையலறை மேடைக்குத் தாமே டைல்ஸ் ஒட்ட நினைப்பவர்கள் மேற்பரப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். உண்மையில் அது எளிய பகுதி. சமமான தளத்தில் பசை தடவி, டைல்களுக்கு நடுவே ஒரே இடைவெளி காக்கும் ஸ்பேசர் வைத்து, வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் முடிந்துவிடும். சிக்கல் எல்லாம் முன்விளிம்பில் இருக்கிறது. தண்ணீர் வழிவது அங்கே, இடுப்பு உரசுவது அங்கே, பாத்திரம் மோதுவது அங்கே, முதலில் கண்ணில் படுவதும் அதுவே. அதனால் இந்தப் பக்கம் முழுக்க விளிம்புக்கு மட்டுமே.

விளிம்பை எப்படி முடிப்பது என்று எப்போது தீர்மானிக்க வேண்டும்?

டைல்ஸ் வாங்குவதற்கு முன்பே. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் டைலுக்கு அதே நிறத்தில், அதே கனத்தில் விளிம்புத் துண்டு கிடைக்கிறதா என்பது கடையிலேயே தெரிந்துவிடும். கிடைக்காது என்றால் டைலின் ஓரத்தை மூடும் உலோகப் பட்டையான டிரிம், மரம், 45 டிகிரி வெட்டு என்று வேறு வழிக்குப் போக வேண்டும். அவை ஒவ்வொன்றும் மேடையின் அளவையும் ஒட்டும் வரிசையையும் மாற்றும். உலோக டிரிம்மின் கால், அதாவது அதன் தட்டையான துளையுள்ள பகுதி, டைலுக்கு அடியில் போக வேண்டும். டைல் ஒட்டிய பிறகு அதை நுழைக்க முடியாது. மரப்பட்டை வைப்பதாக இருந்தால் அதன் கனத்தைக் கழித்துவிட்டுத்தான் அடிப்பலகையை வெட்ட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சுவரிலிருந்து மேடையின் முன்விளிம்பு வரை 625 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 மில்லிமீட்டர் டைலை முன்னாலிருந்து இரண்டு வரிசை ஒட்டினால் இடையில் ஒரு 3 மில்லிமீட்டர் இடைவெளியோடு 603 ஆகிறது. பின்னால் இன்னொரு இடைவெளி, சுவரோரம் ஒரு இடைவெளி போக மிஞ்சுவது 16 மில்லிமீட்டர். அந்த மெல்லிய கீற்றை வெட்டுவதும் கடினம், பார்க்கவும் அழகில்லை. அதே மேடையில் முன்னால் 75 மில்லிமீட்டர் அகல விளிம்புத் துண்டு வைத்தால் அடுத்து ஒரு முழு டைல், சுவரோரம் 241 மில்லிமீட்டர் துண்டு என்று கச்சிதமாக அமைந்துவிடும். விளிம்பு முடிவானால்தான் இந்தக் கணக்கையே போட முடியும்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

ஒரு பக்கம் உருட்டிய புல்நோஸ் டைல். மேலேயும் முன்னாலும் சேர்த்து மூடும், குறுக்கே வெட்டினால் ஆங்கில வி எழுத்தைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் சாய்த்தது போலத் தெரியும் வி-கேப் துண்டு. இரண்டு டைல்களை 45 டிகிரியில் சீவிச் சேர்க்கும் மைட்டர். அலுமினியம், ஸ்டீல், பித்தளை டிரிம்கள். மரப்பட்டை. கிரானைட் பட்டையை முன்னால் மட்டும் வைப்பது. டைலின் வெட்டுமுகத்தையே தேய்த்து பாலிஷ் போடுவது. முதல்முறை செய்கிறவருக்கு நான் சொல்வது புல்நோஸ் அல்லது உலோக டிரிம். இரண்டும் சிறிய பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். மைட்டர் பொறுக்காது.

வெட்டிய டைலின் ஓரத்தை அப்படியே தேய்த்து பாலிஷ் போட்டால் போதாதா?

டைலின் வகையைப் பொறுத்தது. ஒரு டைலைப் பக்கவாட்டில் திருப்பி அதன் உடலைப் பாருங்கள். மேல்நிறமும் உடல்நிறமும் ஒன்றாக இருந்தால் அது ஃபுல் பாடி போர்சலின். அதைத் தேய்க்கலாம். மேலே ஒரு மெல்லிய வண்ணப்பூச்சு, உள்ளே சிவப்பு அல்லது வெள்ளை மண் என்றால் அது கிளேஸ் போட்ட டைல். தேய்த்தால் பூச்சு போய் உள்மண் பட்டையாகத் தெரியும். என்ன பாலிஷ் போட்டாலும் அந்தக் கோடு மறையாது. உடலுக்கும் மேல்நிறத்துக்கு நெருங்கிய சாயம் ஏற்றிய சில கிளேஸ் போர்சலின் டைல்கள் உண்டு. அவற்றில் லேசாக முனையை மழுக்கினால் சமாளிக்கலாம், முழுவட்டமாக உருட்ட முடியாது.

தோற்றத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. போர்சலின் உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேசத் தரம். சுவருக்கான செராமிக் டைல் 10 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். அப்படிப்பட்ட டைலின் வெட்டுமுகத்தை ஈரம் படும் விளிம்பில் திறந்து விட்டால் அது தண்ணீரையும் எண்ணெயையும் குடித்துக் கறுத்துப்போகும். சுவர் டைல் மேடைக்கே ஏற்றதல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் உடல் மென்மையானது, விளிம்பில் பாத்திரம் இடித்தால் உடனே சில்லு பெயரும்.

ஃபுல் பாடி டைலைத் தேய்க்க வேகத்தைக் குறைக்கும் வசதியுள்ள கிரைண்டரும், தண்ணீரோடு பயன்படுத்தும் டைமண்ட் பாலிஷ் பேடுகளும் வேண்டும். 50 அல்லது 100 எண்ணில் தொடங்கி 200, 400, 800, 1500, 3000 என்று ஏறிக்கொண்டே போகவேண்டும். ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய கீறல் கடைசி வரை தெரியும். மேல்முகம் பளபளப்பில்லாத மேட் டைல் என்றால் 3000 வரை போகாதீர்கள். 200 அல்லது 400-இல் நிறுத்தி மேல்முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே பொருந்திவிடும். பாலிஷ் வேலையைத் துண்டு ஒட்டுவதற்கு முன் தரையில் வைத்துச் செய்யுங்கள். ஒட்டிய பிறகு செய்தால் அலமாரி முழுக்கச் சேறாகும்.

முன்னால் ஒரு பட்டை, மேலே ஒரு டைல். எது எதை மூட வேண்டும்?

மேல் டைல் முன்பட்டையை மூட வேண்டும். புல்நோஸின் உருண்ட பக்கம் முன்னால் நீட்டி, செங்குத்துப் பட்டையின் தலைக்கு மேலே உட்கார வேண்டும். அப்போது இரண்டும் சேரும் இடைவெளி மேடையின் முகப்பில், உருண்ட மூக்குக்கு அடியில் ஒதுங்கிவிடும். மேலே கொட்டிய தண்ணீர் அந்த இணைப்பில் தேங்காது.

இதைத் தலைகீழாகச் செய்து, முன்பட்டை மேலே ஏறி மேல் டைலின் பக்கத்தை மூடினால், இணைப்பு மேடையின் மேல்முகத்தில் விளிம்பை ஒட்டியே ஓடும். துடைக்கிற அழுக்கெல்லாம் அந்தக் கோட்டில்தான் சேரும். கை ஊன்றும் இடமும் அதுவே என்பதால், டைல் இடைவெளிகளை நிரப்பும் கலவையான கிரவுட் முதலில் உதிர்வதும் அங்கேதான்.

முன்பட்டையின் உயரத்தை எப்படிக் கணக்கிடுவது?

அடுக்குகளைக் கூட்டுங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு சேர்ந்து 36, அதன்மேல் சிமென்ட் போர்டு 6, பசை சுமார் 3. மொத்தம் 45 மில்லிமீட்டரை மூட வேண்டும். இதோடு இன்னும் 3 முதல் 5 மில்லிமீட்டர் கீழே இறங்கும்படி பட்டையை வெட்டுங்கள். வழியும் தண்ணீர் பட்டையின் அடிமுனையிலிருந்து நேராகச் சொட்டிவிடும். பின்னால் திரும்பிப் பலகையின் அடியில் ஊறாது.

அதற்கு மேல் இறக்க ஆசைப்பட்டால் முதலில் எல்லா இழுப்பறைகளையும் கதவுகளையும் திறந்து பாருங்கள். மேடைக்கு அடியில் பாத்திரம் கழுவும் இயந்திரம் போல எதையாவது நுழைத்து எடுக்க வேண்டியிருந்தால் அதற்கும் உயரம் விடவேண்டும். கீழே உள்ள அலமாரியின் முகப்பிலிருந்து மேடை 20 முதல் 25 மில்லிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது பொதுவான வழக்கம். ஆனால் அந்த நீட்டத்தில் பட்டையின் கனமும் அதன் பசையும் சேர்ந்துதான் 13 மில்லிமீட்டர் போய்விடுகிறது என்பதை மறந்துவிட்டால் இழுப்பறையின் முகம் பட்டையில் இடிக்கும்.

வி-கேப் துண்டு நல்லதா?

தண்ணீர் தரையில் வழியாமல் தடுப்பதில் அதற்கு இணையில்லை. மேல்முனையில் சற்றே உயர்ந்த வரம்பு இருப்பதால் சிந்தியது மேடையிலேயே நிற்கும். மேலும் முன்னும் ஒரே துண்டு என்பதால் முனையில் இணைப்பே கிடையாது. குறை என்னவென்றால், மேடையைத் துடைத்துத் தூளை நேராகக் கையில் தள்ளி எடுக்க முடியாது, வரம்பு தடுக்கும். மாவு தேய்க்கும் பலகையும் அந்த மேட்டில் ஏறி ஆடும். சிங்க்கை ஒட்டிய பகுதிக்கு வி-கேப், மற்ற இடத்துக்குப் புல்நோஸ் என்று கலக்கலாமா என்று கேட்கிறார்கள். இரண்டின் உயரமும் வேறு, சந்திக்கும் இடம் படிபோல நிற்கும். ஒன்றையே முழுக்க வையுங்கள்.

ஒட்டும்போது இதன் உள்கோணம் முழுக்கப் பசை நிரம்ப வேண்டும். மேல்காலுக்கும் முன்காலுக்கும் மட்டும் தடவி மூலையைக் காலியாக விட்டால், அந்த வெற்றிடத்தின் மேலே ஒரு கனமான பாத்திரம் விழுந்த அன்றே துண்டு பிளக்கும்.

45 டிகிரி மைட்டர் விளிம்பு மிக அழகாக இருக்கிறதே, வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் சாய்த்து வெட்டக்கூடிய, தண்ணீர் ஓடும் டைல் கட்டர் வேண்டும். கையில் பிடிக்கும் கிரைண்டரால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே கோணத்தைக் காப்பது மிகக் கடினம்.

செய்வதாக இருந்தால் மூன்று விஷயங்களில் கவனம் வையுங்கள். ஒன்று, 45-க்குப் பதில் 46 அல்லது 47 டிகிரி வெட்டுங்கள். பின்பக்கம் பசை நிற்க இடம் கிடைக்கும், முன்முனைகள் தடையின்றிச் சேரும். இரண்டு, வெட்டைக் கிளேஸ் வரை கொண்டு வராதீர்கள். மேல்முகத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்தை வெட்டாமல் விடுங்கள். கத்திமுனையாகச் சீவிய கிளேஸ் ஒட்டும்போதே உதிரும். மூன்று, சேர்ந்த முனையில் டைலின் நிறத்துக்குச் சாயம் கலந்த எப்பாக்ஸியை (இரண்டு கூறுகளைக் கலந்ததும் கெட்டியாக இறுகும் பிசின்) நிரப்பி, அது இறுகிய பிறகு நுண்ணிய டைமண்ட் பேடால் முனையை லேசாக மழுக்குங்கள். மழுக்காத மைட்டர் முனை கையைக் கிழிக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் மைட்டர்தான் எல்லா விளிம்புகளிலும் பலவீனமானது. டைல் மிக மெலிந்து நிற்கும் இடத்தில்தான் அடி விழுகிறது. கனமான இரும்புப் பாத்திரங்கள் புழங்கும் மேடைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

உலோக டிரிம் எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி வைப்பது?

டிரிம்மின் உயரம் டைலின் கனத்தைப் பொறுத்தது. 8, 10, 11, 12.5 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு உயரங்களில் விற்கிறார்கள். கடைக்குப் போகும்போது டைல் ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று வைத்துப் பாருங்கள். டைலின் முகமும் டிரிம்மின் முகமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். டிரிம் சற்று உயர்ந்தால் துணி மாட்டும். டைல் உயர்ந்தால் அதன் வெட்டுமுனை அடிவாங்கும். டைலின் கனமும் டிரிம்மின் உயரமும் சரியாகப் பொருந்தாதபோது ஒரு அளவு கூடுதலான டிரிம் எடுத்து, டைலுக்கு அடியில் பசையைச் சற்று கனமாக்கி மேலே கொண்டுவரலாம். குறைவான டிரிம்மை எடுத்தால் திருத்த வழியே இல்லை.

சமையலறைக்கு 304 தர துருப்பிடிக்காத ஸ்டீல் முதல் தேர்வு. அலுமினியம் மலிவு, வெட்ட எளிது, ஆனால் சிமென்ட்டின் காரமும் கடுமையான துப்புரவுத் திரவங்களும் அதன் பூச்சை வெளுக்க வைக்கும். அலுமினியம் வைத்தால் மேலே சிந்திய பசையையும் கிரவுட்டையும் அந்த நிமிடமே துடைத்துவிட வேண்டும். கிரவுட் கறை நீக்க அமிலத் திரவம் ஊற்றவே கூடாது.

வைக்கும் முறை: ஓரத்தில் பசையைத் தடவி, ஓரத்தில் பல் வெட்டிய கரணையான பல்கரணையால் சீவி, துளையுள்ள காலை அதில் அழுத்திப் பதியுங்கள். துளைகள் வழியே பசை மேலே பிதுங்க வேண்டும். காலின் மேலேயும் ஒரு பூச்சுப் பசை தடவி அதன்பின் டைலை வையுங்கள். டைலை டிரிம்மோடு முட்டவிடாமல் 2 மில்லிமீட்டர் விட்டுப் பின்னால் கிரவுட் நிரப்புங்கள். மூலையில் டிரிம்மை 45 டிகிரியில் அறுத்துச் சேர்க்கலாம்; அறுத்த முனையை அரத்தால் தேய்க்காமல் விட்டால் பிசிர் குத்தும். சில வகைகளுக்குத் தயாராக வார்த்த மூலைத்துண்டு உண்டு. அது கிடைத்தால் அறுக்கும் வேலையே மிச்சம்.

மரப்பட்டை வைத்தால் ஈரத்தில் கெட்டுப்போகுமா?

சரியாக அடைத்தால் பல ஆண்டுகள் நிற்கும். அடைக்காமல் விட்டால் சிங்க் முன்னால்தான் முதலில் கறுக்கும்.

மரம் ஈரம் கூடும்போது அகலத்தில் விரிகிறது, குறையும்போது சுருங்குகிறது. நீளவாட்டில் அசைவு மிகக் குறைவு. டைல் இந்த மாதிரி அசைவதில்லை. அதனால் இரண்டுக்கும் இடையே கிரவுட் வைத்தால் அது சீக்கிரமே விரிசல் விடும். அங்கே சிலிக்கான் அல்லது கிரவுட் நிறத்திலேயே கிடைக்கும் நெகிழும் சீலன்ட் மட்டும்தான். இடைவெளி 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

தேக்கு போன்ற எண்ணெய்ச்சத்துள்ள கெட்டி மரத்தை எடுங்கள். பட்டையைப் பொருத்துவதற்கு முன்பே ஆறு பக்கமும் பாலியூரிதேன் வார்னிஷ் பூச வேண்டும். பின்முகத்தைப் பூசாமல் விடுவதுதான் பலரும் செய்வது. கண்ணுக்குத் தெரியாத அந்த முகம் வழியாகத்தான் ஈரம் ஏறிப் பட்டை வளைகிறது. வெட்டுமுனைகள் பக்கங்களைவிட வேகமாக ஈரத்தைக் குடிக்கும், அவற்றுக்கு இன்னும் இரண்டு பூச்சு அதிகம் கொடுங்கள். பிளைவுட்டோடு பசையும் திருகாணியும் சேர்த்துப் பிடிக்கலாம். திருகாணித் தலையை உள்ளே இறக்கி மரக்கட்டையால் அடைத்துத் தேய்த்தால் தெரியாது. வரிசை முக்கியம்: முதலில் பட்டை, அதன் மேல்முகத்தில் ஒட்டுநாடா, பிறகு டைல். டைலின் மட்டத்தைப் பட்டைக்கு ஏற்றபடி பசையால் சரிசெய்யலாம். டைலை முதலில் ஒட்டிவிட்டால் பட்டையைச் சீவித்தான் மட்டம் பார்க்க வேண்டியிருக்கும், அப்போது ரம்பமும் இழைப்புளியும் டைலின் மேல் பாயும்.

டைலுக்கு அடியில், விளிம்பில் என்ன இருக்க வேண்டும்?

கான்கிரீட் ஸ்லாப் என்றால் முனையை நேராக்கி, பூச்சு உதிராமல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தால் போதும். பிளைவுட் என்றால்தான் கவனம் தேவை. பிளைவுட்டின் பக்கவாட்டு முகம், அடுக்குகள் தெரிகிற அந்தப் பகுதி, ஈரத்தை மிக வேகமாக இழுக்கும். இழுத்தால் வீங்கும், வீங்கினால் முன்பட்டையை வெளியே தள்ளும். விளிம்பு டைல் கழன்று விழுந்தது என்று சொல்கிறவர்களின் மேடையைத் திறந்து பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். பசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் சிமென்ட் போர்டை மேலே மட்டும் போட்டு நிறுத்தாமல், முன்முகத்துக்கும் ஒரு பட்டை வெட்டித் திருகாணியால் பிடியுங்கள். இரண்டும் சேரும் முனையில் காரத்தைத் தாங்கும் கண்ணாடியிழை வலைநாடா ஒட்டிப் பசையால் மூடுங்கள். அதன்மேல் தூரிகையால் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சை மேல்முகத்திலிருந்து முன்முகத்தின் அடிவரை தொடர்ச்சியாகக் கொண்டு வாருங்கள். கிரவுட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. தடுப்பது இந்தப் பூச்சுதான்.

இன்னொன்று, அசைவு. மேடையின் நீட்டத்தில் கையை ஊன்றி அழுத்திப் பாருங்கள். சற்றே வளைந்தாலும் கிரவுட் பிளக்கும். உட்கார்ந்து சாப்பிட வசதியாக 25 சென்டிமீட்டருக்கு மேல் நீட்டியிருந்தால் அடியில் உலோகத் தாங்கி கட்டாயம்.

முன்பட்டை ஒட்டியதும் கீழே வழுக்கி இறங்குகிறது. என்ன செய்ய?

பசைப் பையில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். ஐரோப்பிய, சர்வதேசத் தரக் குறியீட்டில் ‘சி2’ என்பது வலுவான ஒட்டுதல் கொண்ட சிமென்ட் பசை. பின்னால் ‘டி’ இருந்தால் செங்குத்தில் வழுக்காது. ‘எஸ்1’ இருந்தால் சற்று வளைந்து கொடுக்கும். பிளைவுட் அடித்தளத்தின் விளிம்புக்கு இந்த மூன்றும் வேண்டும்.

பசை சரியாக இருந்தாலும் ஒரு தாங்கல் வைப்பது நல்லது. பட்டையின் அடிமட்டத்தில் ஒரு நேரான மரச்சட்டத்தைத் தற்காலிகமாகத் திருகாணியால் பிடித்து, அதன்மேல் பட்டைகளை உட்கார வையுங்கள். பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித ஒட்டுநாடாவால் மேல் டைலோடு இழுத்துக் கட்டுங்கள். சட்டம் நேராக இருந்தால் விளிம்பும் நேராக வரும், தனியாக மட்டம் பார்க்க வேண்டியதில்லை. மறுநாள் சட்டத்தை எடுத்துவிடலாம்.

விளிம்புத் துண்டுகள் சிறியவை, பிடிக்கும் பரப்பு குறைவு. அதனால் அடித்தளத்தில் சீவிய பசையோடு, துண்டின் முதுகிலும் மெல்லிய பூச்சு தடவுங்கள். முதல் துண்டை ஒட்டி உடனே பெயர்த்துப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை படிந்திருக்க வேண்டும். வெறும் புள்ளிகளாக ஒட்டியிருந்தால் பசை காய்ந்துவிட்டது அல்லது கரணையின் பல் சிறியது.

வெளிமூலையை எப்படி முடிப்பது?

இரண்டு பக்கமும் உருட்டிய மூலைப் புல்நோஸ் துண்டு கிடைத்தால் அதை முதலில் மூலையில் வைத்து, அங்கிருந்து இரு திசையிலும் நகருங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு புல்நோஸ்களை மூலைவிட்டமாக 45 டிகிரியில் வெட்டிச் சேர்க்கலாம். இது மேலே சொன்ன சாய்வு மைட்டர் இல்லை; தட்டையாக வைத்து வெட்டும் எளிய வெட்டுதான்.

குழந்தைகள் உள்ள வீட்டில் மேடையின் மூலை அவர்களது நெற்றி உயரத்தில் இருக்கும். அடிப்பலகையை வெட்டும்போதே அந்தக் கூர்மூலையை 5 சென்டிமீட்டர் அளவுக்குச் சரிவாக அறுத்துவிடுங்கள். ஒரு கூர்மூலைக்குப் பதில் இரண்டு மழுங்கிய கோணங்கள் கிடைக்கும். டைல் வேலை கொஞ்சம் கூடும். செய்யத்தக்க வேலை.

எல் வடிவ மேடையின் உள்மூலைக்குத் தனித்துண்டு தேவையில்லை. இரு பக்கப் பட்டைகளும் அங்கே முட்டிக்கொள்ளும். இணைப்பில் மட்டும் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான் போடுங்கள்.

சிங்க் ஓரத்தை என்ன செய்வது?

மேடைக்கு மேலே உட்காரும் விளிம்புள்ள சிங்க்கை எடுத்தால் கேள்வியே இல்லை. டைலின் வெட்டுமுனையை அந்த விளிம்பு மறைத்துவிடும். அடியில் சிலிக்கான் ஓட்டினால் முடிந்தது. அடுப்புக்கான துளைக்கும் இதே முறைதான். ஆனால் அங்கே அடுப்புத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியை அப்படியே விட வேண்டும், வெப்பத்தில் உலோகம் விரியும்.

அடியில் தொங்கும் சிங்க் அழகாக இருக்கும், ஆனால் துளையின் நாலு பக்கமும் டைலின் வெட்டுமுகமும் பிளைவுட்டின் முகமும் வெளியே தெரியும். இடைவிடாமல் நனையும் இடம். உள்முகத்துக்குத் தனியாக டைல் பட்டை ஒட்டி, மேல்முனையில் புல்நோஸ் வைத்து, எப்பாக்ஸி கிரவுட் போடப் பொறுமை இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். டைல் மேடைக்கு முதல் வகை சிங்க்கே என் தேர்வு.

விளிம்புக்கு எந்த கிரவுட்?

எப்பாக்ஸி. தண்ணீரையும் எண்ணெயையும் ஏற்காது, கறை பிடிக்காது, உதிராது. விலை அதிகம், கலந்த பிறகு வேலை நேரம் குறைவு. சிறுசிறு அளவாகக் கலந்து, ஒரு மீட்டர் முடித்து, சுத்தமாகத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டைலின் மேல் மெல்லிய படலம் காய்ந்துவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு. கையுறை போட்டே ஆக வேண்டும், தோலில் ஒவ்வாமை வரும்.

சிமென்ட் கிரவுட்தான் என்று முடிவு செய்தால் இடைவெளி 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்போது மணல் கலக்காதது, அதற்கு மேல் மணல் கலந்தது. காய்ந்த பிறகு தண்ணீர் ஊறாமல் காக்கும் சீலர் பூசி, தண்ணீர்த் துளி முத்தாக நிற்காமல் ஊறத் தொடங்கும்போதெல்லாம் மறுபடி பூச வேண்டும்.

மேடையும் சுவரும் சேரும் கோட்டில்?

கிரவுட் வேண்டாம், சிலிக்கான். மேடையும் சுவரும் தனித்தனியாக அசைபவை. பூஞ்சை எதிர்ப்புள்ள சிலிக்கானை வாங்குங்கள். கிரானைட், பளிங்கு, உலோக டிரிம் அருகில் என்றால் காடி நெடி வீசாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். நெடி வீசும் வகை ஆறும்போது வெளிவிடும் அமிலம் பளிங்கையும் சில உலோகங்களையும் அரிக்கும்.

வெட்டும்போது ஓரம் சில்லுசில்லாகப் பெயர்கிறதே?

பிளேடு தேய்ந்திருக்கும், அல்லது பல்லுள்ள பிளேடாக இருக்கும். ஓரத்தில் வெட்டு இல்லாத, தொடர்ச்சியான விளிம்புள்ள டைமண்ட் பிளேடு வாங்குங்கள். வெட்டும் கோட்டின்மேல் காகித நாடா ஒட்டி, முதலில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கோடு ஓட்டி, அடுத்த ஓட்டத்தில் முழுதாக அறுங்கள். முடியும் இடத்தில் அவசரப்பட்டுத் தள்ளினால்தான் மூலை உடைகிறது.

வெட்டும் தூசியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். டைலிலும் கிரானைட்டிலும் சிமென்ட் போர்டிலும் சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்தூள் நுரையீரலில் தங்கி ஆறாத தழும்பை உண்டாக்கும். தண்ணீரோடு வெட்டுங்கள், திறந்த வெளியில் வெட்டுங்கள், என்95 அல்லது அதைவிட மேலான முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். துணியைக் கட்டிக்கொள்வது இந்தத் தூளைத் தடுக்காது. தண்ணீரும் மின்கருவியும் சேரும் வேலை என்பதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள இணைப்பிலிருந்து மட்டும் மின்சாரம் எடுங்கள்.

மேற்பரப்பு முழுக்க ஒட்டியாயிற்று. விளிம்பை யோசிக்கவே இல்லை. இனி என்ன வழி?

வழி இருக்கிறது. மேல் டைலின் முனை அடித்தளத்தோடு சமமாக நிற்கிறது என்றால், மரப்பட்டையோ கிரானைட் பட்டையோ முன்னால் வைத்து மேல் டைலின் வெட்டுமுகத்தையும் சேர்த்து மறைக்கலாம். இணைப்பு மேலே தெரியும். அங்கே நெகிழும் சீலன்ட் வையுங்கள். அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய கோடு அது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

முன் வரிசை டைல்களை மட்டும் பெயர்த்துவிட்டு டிரிம் அல்லது புல்நோஸோடு மறுபடி ஒட்டுவது இன்னும் நல்ல தீர்வு. பெயர்க்கும்போது முதலில் அந்த வரிசைக்குப் பின்னால் உள்ள கிரவுட்டை முழுதாகச் சுரண்டி எடுங்கள், அதிர்வு அடுத்த வரிசைக்குப் போகாது. உளியை முன்னாலிருந்து பின்னோக்கி, தட்டையாகச் செலுத்துங்கள். நீர்த்தடுப்புப் பூச்சு கிழிந்திருந்தால் அந்த இடத்தை மறுபடி பூசாமல் டைல் வைக்க வேண்டாம்.

பழைய டைலின் மேலேயே புது டைல் ஒட்டினால் விளிம்பு?

பழையது உறுதியாக இருந்தால் ஒட்டலாம். விரல் முட்டியால் ஒவ்வொரு டைலாகத் தட்டுங்கள், வெற்றொலி வந்தால் அதைப் பெயர்த்துவிடுங்கள். எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, மேற்பரப்பைக் கீறி, பழைய டைலின் மேல் பிடிக்கும் பிரைமர் பூச வேண்டும். விளிம்பின் உயரம் புது டைலின் கனமும் பசையும் சேர்ந்த அளவுக்குக் கூடும், ஆகவே முன்பட்டையைப் புதிதாக அளந்து வெட்டுங்கள். பழைய விளிம்பு உருண்ட புல்நோஸ் என்றால் அதன்மேல் புது முனை நேராக உட்காராது. அந்த வரிசையை மட்டும் எடுத்து, சிமென்ட் கலவையால் சதுரமாக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. டைலையே மாற்ற வேண்டுமா?

பெயர்ந்த சில்லு கையில் இருந்தால் இரண்டு பக்கமும் கழுவிக் காயவைத்து, எப்பாக்ஸியால் அதே இடத்தில் ஒட்டுங்கள். சில்லு தொலைந்துவிட்டால் நிறம் கலந்த எப்பாக்ஸியை இடத்தைவிடச் சற்று உயரமாக நிரப்பி, இறுகிய பிறகு பிளேடால் சீவி, ஈர மணல்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள். நிறம் கலக்கும்போது சற்று அடர்த்தியாகக் கலந்தால் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். வெளிறிய திட்டு சட்டென்று தெரிந்துவிடும். உடைப்பு டைலின் கனத்தில் பாதிக்கு மேல் போயிருந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடுவதே சரி. இதற்காகவே வாங்கும்போது விளிம்புத் துண்டுகளில் நாலைந்தைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அடுத்த முறை தயாரிக்கும் டைலின் நிறம் இதே போல அமையும் என்று நம்ப முடியாது.

ஒட்டிய பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

சாதாரண சிமென்ட் பசைக்கு 24 மணி நேரம் கழித்து கிரவுட். குளிர்ந்த, ஈரமான காலத்தில் இன்னும் ஒரு நாள் கொடுங்கள். சிலிக்கான் போட்ட இடத்தில் ஒரு முழுநாள் தண்ணீர் படக்கூடாது. எப்பாக்ஸி கிரவுட் மறுநாளே தொட்டால் கெட்டியாக இருக்கும். ஆனால் முழு வலு சேர சுமார் 7 நாள் ஆகும், அதுவரை கடுமையான துப்புரவுத் திரவமும் சூடான பாத்திரமும் வேண்டாம். முன்பட்டையில் சாய்ந்து நிற்பதையும் அந்த வாரம் முழுக்கத் தவிர்க்கச் சொல்லுங்கள், வீட்டில் எல்லோரிடமும்.